பிக்கப் வாகனத்துக்குப் பெரிய எரிபொருள் தாங்கி வேண்டுமா?

விளைபொருளைச் சந்தைக்கு ஏற்றிச் செல்லவும், விதை, பசளை, எண்ணெய் முதலியவற்றைக் கமத்துக்குக் கொண்டுவரவும் பிக்கப் வாகனம் இன்று பெரிதும் பயன்படுகின்றது. முன்னாளில் மாட்டு வண்டி செய்த வேலையை இது செய்கின்றது. வண்டி மாட்டுக்கு எவ்வளவு வைக்கோல் வேண்டும், எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்பதை அக்காலக் கமக்காரர் நன்கறிந்திருந்தார். வாகனம் எவ்வளவு எரிபொருளைக் குடிக்கின்றது என்பதை அதேயளவு திருத்தமாக அறிந்த கமக்காரர் இன்று சிலரேயாவர்.

2022 ஆம் ஆண்டில் எரிபொருள் தட்டுப்பாடு ஏற்பட்டபோது, நிரப்பு நிலையங்களின் முன் இரவு பகலாகக் காத்து நின்ற நினைவு கமக்காரர் மனத்தினின்றும் இன்னும் அகலவில்லை. 1990 களில் வடபகுதியில் எரிபொருள் கிடையாது, மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய காலத்தை நினைவிற் கொண்டோரும் பலர். ஆதலால், வாகனத்துடன் வந்த தாங்கியை அகற்றிவிட்டு அதனிலும் பெரியதொன்றைப் பூட்டலாமா, அல்லது இரண்டாவது தாங்கி ஒன்றைச் சேர்க்கலாமா என்னும் எண்ணம் பலருக்கு எழுகின்றது. இது சிறு செலவன்று. வெங்காயமோ மிளகாயோ செய்கை பண்ணுபவர் ஒருவரின் ஒரு போக ஆதாயத்தில் பெரும் பங்கை இது விழுங்கிவிடக்கூடும். ஆகவே பணத்தைக் கொடுக்குமுன் கணக்கைப் பார்த்தல் அவசியம்.

இக்கேள்விக்குச் சுருக்கமான விடை பின்வருமாறு: நமது நாட்டில், பெருந்தெரு வழியே சந்தைக்குச் சென்றுவரும் கமக்காரருக்குப் பெரிய தாங்கியாற் கிடைக்கும் பயன் மிகச் சிறிது, இழப்பு அதனிலும் பெரிது. ஒருசிலருக்கு மட்டுமே அது பயன்படும். காரணங்கள் கீழே விளக்கப்படுகின்றன.

தாங்கி எதைத் தரும், எதைத் தராது

தாங்கி என்பது ஒரு பாத்திரமே. அரிசிப் பெட்டியைப் பெரிதாக்குவதால் வீட்டில் உண்ணும் அரிசி குறையாது. அவ்வாறே தாங்கியைப் பெரிதாக்குவதால் ஒரு துளி டீசலேனும் மிச்சமாகாது. ஒரு முறை நிரப்பியபின் மறுமுறை நிரப்பும்வரை ஓடக்கூடிய தூரம் மட்டுமே கூடும்.

அத்தூரம் நமக்கு ஏற்கெனவே போதாமல் இருக்கின்றதா என்பதே முதலிற் பார்க்க வேண்டியது. ஒரு தொன் பாரம் ஏற்றும் டீசல் பிக்கப் வாகனங்களில் தாங்கியின் கொள்ளளவு பெரும்பாலும் 65 முதல் 80 லீற்றர் வரையாகும். 75 லீற்றர் தாங்கி கொண்ட வாகனம், பாரத்துடன் லீற்றருக்கு 10 கிலோமீற்றர் ஓடுமெனக் கொண்டால், ஒரு நிரப்பலில் 750 கிலோமீற்றர் செல்லும். பருத்தித்துறை முனையிலிருந்து தேவேந்திரமுனை வரை இலங்கையின் நீளம் ஏறத்தாழ 430 கிலோமீற்றரேயாகும். தெருக்களின் வளைவு நெளிவுகளைச் சேர்த்துக்கொண்டாலும், வாகனத்துடன் வந்த தாங்கியே நாட்டை வடக்கிலிருந்து தெற்காகக் கடக்கப் போதுமானது.

பெரிய தாங்கிகள் எந்நாட்டுக்கு ஏற்றவை

நெடுந்தூரத் தாங்கிகள் என விற்கப்படுபவை அவுஸ்திரேலியா போன்ற பரந்த நாடுகளின் தேவைக்காகவே பெரிதும் செய்யப்படுகின்றன. அங்கே அடிலெயிட் நகரத்திலிருந்து டார்வின் நகரத்துக்குத் தெருவழி ஏறத்தாழ 3000 கிலோமீற்றர். அவ்வழியில் கிளென்டாம்போ என்னும் சிற்றூருக்கும் கூபர்பீடி என்னும் ஊருக்கும் இடையே சுமார் 250 கிலோமீற்றர் தூரத்துக்கு எரிபொருள் நிலையம் ஒன்றும் இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து தம்புள்ளை வரையுள்ள தூரமும் ஏறத்தாழ அவ்வளவே. அத்தூரம் முழுவதும் ஒரு கடையோ ஒரு வீடோ இல்லாத வெளியாக இருப்பின் எவ்வாறிருக்கும் என எண்ணிப் பார்ப்பின், அந்நாட்டு மந்தை வளர்ப்போர் பெரிய தாங்கி பூட்டுவதன் காரணம் விளங்கும். நமது ஏ9 பெருந்தெருவில் மாங்குளம், வவுனியா, மதவாச்சி, கெக்கிராவ என ஊர்கள் அடுத்தடுத்து வருகின்றன. பிறநாட்டு நிலத்துக்கேற்ற கலப்பையை நமது மண்ணில் அப்படியே இறக்குவது எவ்வாறு பொருந்தாதோ, அவ்வாறே இதுவும் பொருந்தாது.

ஒரு கமக்காரரின் கணக்கு

கிளிநொச்சியிலிருந்து தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்துக்கு மரக்கறி ஏற்றிச் செல்லும் ஒருவரை உதாரணமாகக் கொள்க. போக ஏறத்தாழ 180 கிலோமீற்றர். போய்வர 360 கிலோமீற்றர். லீற்றருக்கு 10 கிலோமீற்றர் எனின் ஒரு பயணத்துக்கு 36 லீற்றர் டீசல் செலவாகும். வாரத்துக்கு 2 பயணமாக ஆண்டுக்கு 100 பயணம் எனக் கொள்க. அது 36,000 கிலோமீற்றர். ஊருக்குள் ஓடும் 4,000 கிலோமீற்றரையும் கூட்டினால் 40,000 கிலோமீற்றர் ஆகும். ஆண்டுச் செலவு 4,000 லீற்றர்.

75 லீற்றர் தாங்கியில் 10 லீற்றரை அடியில் எப்போதும் விட்டுவைத்தால், ஒவ்வொரு முறையும் 65 லீற்றர் நிரப்பலாம். ஆண்டுக்கு 62 முறை நிரப்ப வேண்டும். 140 லீற்றர் தாங்கியாயின், அதேபோல் 10 லீற்றரை விட்டுவைத்து, 130 லீற்றர் வீதம் 31 முறை நிரப்பினாற் போதும். குறையும் தடவைகள் 31. ஒவ்வொரு தடவைக்கும் 20 நிமிடமும், நிலையத்துக்கு விலகிச் செல்ல 4 கிலோமீற்றரும் செலவாவதாகக் கொண்டால், ஆண்டில் மிச்சமாவது சுமார் 10 மணித்தியாலமும் 124 கிலோமீற்றர் ஓட்டமுமேயாம். அவ்வோட்டத்துக்கான டீசல் 12 லீற்றர் அளவிலானது. கணக்கின் வசதிக்காக ஒரு லீற்றரின் விலையை 300 ரூபா எனக் கொண்டால், மிச்சம் 3,600 ரூபா. நிலையம் போகும் வழியிலேயே இருந்துவிட்டால் அதுவும் இல்லை.

தாங்கியும் அதனைப் பூட்டும் கூலியும் 150,000 ரூபா ஆகுமெனக் கொண்டால், 3,600 ரூபா வீதம் அம்முதலை மீட்க 40 ஆண்டுகளுக்கு மேற் செல்லும். வாகனம் அவ்வளவு காலம் உழைக்காது. விலைகள் காலத்துக்குக் காலம் மாறுபடும். ஆதலால் கமக்காரர் அன்றைய விலையையும் தமது ஓட்டத்தையும் இட்டு, இதே முறையில் தம் கணக்கைத் தாமே செய்து பார்த்தல் வேண்டும்.

விலை கூடுமுன் நிரப்பி வைத்து ஆதாயம் பெறலாம் என்று சிலர் கருதுவர். லீற்றருக்கு 10 ரூபா கூடினால், மேலதிகமான 65 லீற்றரில் கிடைப்பது 650 ரூபா மட்டுமே. விலை இறங்கினால் அதேயளவு நட்டமாகும். மறுபுறம், 130 லீற்றரை ஒரேயடியாக நிரப்ப 39,000 ரூபா வேண்டும். விதைக்கும் பசளைக்கும் கூலிக்கும் பணம் தேவைப்படும் காலத்தில் அதனைத் தாங்கிக்குள் முடக்கி வைப்பது நற்செயலன்று.

பாரத்தினால் ஏற்படும் இழப்பு

பலர் எண்ணிப் பாராத இழப்பு இதுவாகும். ஒரு லீற்றர் டீசலின் நிறை ஏறத்தாழ 840 கிராம். மேலதிகமான 65 லீற்றரின் நிறை சுமார் 55 கிலோகிராம். உருக்குத் தாங்கி, பட்டிகள், குழாய்கள் ஆகியவற்றுக்கு 20 கிலோகிராம் எனக் கொண்டால், மொத்தம் 75 கிலோகிராம் ஆகின்றது. இஃது ஒன்றரை மூடை வெங்காயத்தின் நிறையாகும்.

ஒவ்வொரு வாகனத்துக்கும் ஏற்றத்தக்க உச்சப் பாரம் வரையறுக்கப்பட்டுள்ளது. தாங்கி கனத்தால் அவ்வளவுக்குச் சரக்கைக் குறைக்க வேண்டும். கிலோகிராமுக்கு 10 ரூபா கூலி எனின், ஒரு பயணத்தில் இழப்பது 750 ரூபா. 100 பயணத்தில் 75,000 ரூபா. மிச்சமாவது 3,600, இழப்பது 75,000 என இக்கணக்கு முடிகின்றது. சரக்கைக் குறைக்காமல் அதிக பாரம் ஏற்றினால், கூலி இழப்புக்குப் பதிலாக வில்லுத்தகடுகளும் டயர்களும் பிறேக்கும் தேய்ந்து, அதே பணத்தைத் திருத்தகத்திற் கொடுக்க நேரும். பாதிப் பாரத்துடன் ஓடுபவருக்கு இந்த இழப்பு இல்லை என்பது உண்மை. ஆயினும் வாகனம் பாதிப் பாரத்துடன் ஓடுவதே ஓர் இழப்பாகும்; அதனைத் திருத்துவதே முதல் வேலை.

‘பட்டா’ என வழங்கும் சிறு லொறி வைத்திருப்போர் இவ்விடயத்தில் மேலும் கவனமாயிருத்தல் வேண்டும். அதன் டீசல் தாங்கி 30 லீற்றர் அளவினது. ஏற்றத்தக்க பாரம் 750 கிலோகிராம் அளவினது. அதில் 75 கிலோகிராம் என்பது பத்தில் ஒரு பங்கு. அத்தகைய வாகனத்துக்குப் பெரிய தாங்கி எவ்வகையிலும் ஏற்றதன்று.

2022 ஆம் ஆண்டு கற்பித்த பாடம்

‘கணக்கு எவ்வாறாயினும், தட்டுப்பாடு வந்தால் பெரிய தாங்கி கைகொடுக்கும் அல்லவா?’ என்று கேட்பது நியாயமே. 2022 ஜூன் மாத இறுதியில் ஒட்டோ டீசலின் விலை லீற்றருக்கு 460 ரூபாவாக உயர்ந்தது. அவ்விலைக்கும் அது கிடைப்பது அரிதாயிற்று. விளைந்த மரக்கறி தோட்டத்திலேயே வாடியது. நீரிறைக்கும் இயந்திரங்கள் ஓயப் பயிர் கருகியது. அந்த அனுபவத்தை எவரும் எளிதாக எண்ண முடியாது.

எனினும் நடந்ததை ஆராய்ந்து பார்த்தல் வேண்டும். மேலதிகமான 65 லீற்றர் 650 கிலோமீற்றர் ஓட்டத்துக்கே போதும். மேலே கூறிய கமக்காரருக்கு அது ஒரு வார வேலை. தட்டுப்பாடோ மாதக் கணக்கில் நீடித்தது. ஒரு வாரத்துக்குரிய டீசல் அவரை ஒரு வாரமே காத்திருக்கும். அதன்பின் அவரும் வரிசையின் கடைசியிலேயே போய் நிற்க வேண்டும்.

2022 ஜூலை மாதத்தில் கியூஆர் முறை அறிமுகமாகியபின் தாங்கியின் அளவுக்கு மதிப்பே இல்லாது போயிற்று. வாராந்தப் பங்கு வாகனத்தின் வகையைக் கொண்டு வழங்கப்பட்டது. தொடக்கத்தில் மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றரும், முச்சக்கர வண்டிக்கு 5 லீற்றரும், காருக்கும் வானுக்கும் 20 லீற்றரும், லொறிக்கு 50 லீற்றரும் ஒதுக்கப்பட்டன. 200 லீற்றர் தாங்கி பூட்டியிருந்தவருக்கும் அவருக்குரிய பங்கே கிடைத்தது. 2023 செப்டெம்பர் முதலாந் தேதியுடன் இம்முறை நிறுத்தப்பட்டது. மீண்டும் ஒரு தட்டுப்பாடு வருமாயின், பங்கீடு வாகனத்துக்கே அன்றித் தாங்கிக்கு வழங்கப்படும் என எதிர்பார்த்தற்கு இடமில்லை. அக்காலத்தில் உதவக்கூடியது, குறைந்த டீசலில் கூடிய பாரத்தைச் சந்தைக்குச் சேர்க்கும் ஒழுங்கே. நான்கு கமக்காரர் நான்கு பிக்கப் வாகனங்களில் கால்வாசிப் பாரம் வீதம் கொண்டு செல்வதற்குப் பதிலாக, முறை வைத்து ஒரே வாகனத்தில் ஏற்றினால், 144 லீற்றருக்குப் பதில் 36 லீற்றரை விடச் சற்றுக் கூடுதலான டீசலே செலவாகும். எந்தத் தாங்கியும் இவ்வளவு மிச்சத்தைத் தராது.

கையில் எப்போதும் இருப்பு இருக்கவேண்டும் என விரும்புவோருக்குச் செலவற்ற வழி ஒன்று உண்டு. இருக்கும் தாங்கியைப் பாதிக்குக் கீழே இறங்க விடாது நிரப்பிவரும் பழக்கமே அது. 75 லீற்றர் தாங்கியின் பாதி, கிளிநொச்சியிலிருந்து தம்புள்ளைக்குச் சென்று மீள ஏறத்தாழப் போதுமானது. வீட்டில் யாருக்கேனும் இரவில் நோய் கண்டால் வைத்தியசாலைக்கு ஓடவும் அது உதவும். காலித் தாங்கியோடு வீடு திரும்புபவருக்கு 140 லீற்றர் தாங்கி இருந்தும் பயனில்லை.

டீசலும் நீரும்

தாங்கியில் டீசல் இல்லாத இடத்தைக் காற்று நிரப்புகின்றது. இரவில் தாங்கி குளிரும்போது அக்காற்றிலுள்ள ஈரம் தாங்கியின் உட்சுவரில் வியர்த்து, நீர்த்துளியாக அடியிற் சேர்கின்றது. நீர் டீசலிலும் கனமானதாகையால் அது மேலே வராது. மாரி காலத்தில் இது கூடுதலாக நிகழும். பெரிய தாங்கி பாதி வெறுமையாகக் கிடக்குமாயின், காற்றுக்கான இடமும் பெரிது. சேரும் நீரும் அதிகம். நீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில் நுண்ணுயிர்கள் பெருகி, வழுவழுப்பான அழுக்கை உண்டாக்கும். அது வடிகட்டியை அடைத்து, உயர் அமுக்கப் பம்பியையும் உட்செலுத்திகளையும் கெடுக்கும். இப்பாகங்களின் விலை தாங்கியின் விலையையும் மிஞ்சக்கூடும்.

டீசல் நெடுங்காலம் கெடாதிருக்கும் பொருளும் அன்று. ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குமேல் அதனை வைத்திருத்தல் தகாது. குறைவாக ஓடும் வாகனத்துக்குப் பெரிய தாங்கி பூட்டினால், பழைய டீசலின்மேல் புதிய டீசலை ஊற்றிக்கொண்டே இருக்க நேரும்.

எத்தாங்கி கொண்ட வாகனமாயினும், நீர்ப்பிரிப்பான் உள்ளதாயின் அதன் அடியிலுள்ள திருகைக் காலையில் இயந்திரத்தை இயக்குமுன் திறந்து, சிறிதளவை ஒரு கண்ணாடிப் போத்தலிற் பிடித்துப் பார்த்தல் நன்று. நீர் இருப்பின் அடியில் தனியாகத் தெரியும். தெளிந்த டீசல் வரும்வரை வடித்துப் பின் திருகை மூடுக. வடித்ததைக் கிணற்றடியிலோ வாய்க்காலிலோ ஊற்றுதல் கூடாது.

யாருக்குப் பயன்படும்

பெரிய தாங்கி எவருக்குமே வேண்டாம் என்பது இதன் கருத்தன்று. பின்வருவோர் அதனை ஆலோசிக்கலாம்.

முதலாவதாக, பல மாவட்டங்களினூடாக நாள்தோறும் ஓடி, இரவில் நிலையங்கள் மூடிய வேளையிலும் பயணஞ் செய்யும் வாடகைத் தொழிலாளர். இவர்களுக்கு நேரமே பணமாகும். இரண்டாவதாக, வாகனத்துடன் வந்த தாங்கி துருப்பிடித்து ஒழுகி, எவ்வாறாயினும் புதியதொன்றை வாங்கவேண்டிய நிலையிலுள்ளோர். இவர்கள் சிறிய அளவுக்கும் பெரிய அளவுக்கும் உள்ள விலை வேறுபாட்டை மட்டும் கணக்கிற் கொண்டாற் போதும்.

மூன்றாவதாக, நிலையத்திலிருந்து வெகு தூரத்திலுள்ள வயல்களில் உழவு இயந்திரம் வைத்து வேலை செய்வோர். நான்கு சில்லு உழவு இயந்திரம் உழவின்போது மணிக்கு 4 முதல் 6 லீற்றர் டீசலைச் செலவிடும். நாளொன்றுக்கு 8 மணி நேரம் உழுதால் 40 லீற்றர் அளவில் வேண்டும். பெரும்போக உழவுக் காலத்தில் இதனை வயலுக்குக் கொண்டு செல்வது அவசியமே. ஆயினும் இவர்களுக்கு வேண்டியது பிக்கப் வாகனத்தின் ஓட்டத் தாங்கியைப் பெரிதாக்குவதன்று. டீசலுக்கென்றே செய்யப்பட்ட, இறுக மூடக்கூடிய கலன்களும், ஒரு கைப்பம்பியுமே அவ்வேலைக்குப் போதும். பருவம் முடிந்ததும் அவற்றை இறக்கி வைக்கலாம். ஆண்டு முழுவதும் பாரஞ் சுமக்க வேண்டியதில்லை. கலன்களில் எரிபொருள் பெறுவதற்கான அவ்வக்கால விதிகளைக் கமநல சேவை நிலையத்திற் கேட்டறிந்து கொள்க.

பூட்டுவதாயின் கவனிக்க வேண்டியவை

1. மாற்றம் செய்யுமுன் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திடமும், வாகனத்தைக் காப்புறுதி செய்த நிறுவனத்திடமும் விசாரித்து, வேண்டிய அனுமதியை எழுத்திற் பெறுக. அறிவியாமற் செய்த மாற்றம், விபத்தின்போது இழப்பீட்டுக்குத் தடையாகலாம்.

2. அவ்வாகன வகைக்கென்றே செய்யப்பட்ட தாங்கியை மட்டும் வாங்குக. பரலையோ நீர்த்தாங்கியையோ தாங்கியாக மாற்றுதல் கூடாது.

3. நாகம் பூசிய தகட்டாலும் செம்பாலும் ஆன தாங்கி, குழாய் ஆகியவை டீசலுக்கு ஆகா. நாகம் டீசலுடன் சேர்ந்து சவர்க்காரம் போன்ற பொருளை உண்டாக்கி வடிகட்டியை அடைக்கும்.

4. தாங்கியினுள் அலைதடுப்புத் தகடுகள் இருத்தல் வேண்டும். அவை இல்லாவிடின் வளைவுகளில் டீசல் ஒருபுறமாகச் சாய்ந்து வாகனத்தையும் சாய்க்கும்.

5. தாங்கி வாகனத்தின் சட்டகத்தில் உறுதியாகப் பிணைக்கப்படல் வேண்டும். புகைக்குழாய்க்கு அண்மையிலோ, வாகனத்தின் மிகத் தாழ்ந்த பகுதியாகத் தொங்குமாறோ, பின்புற முட்டுத் தடுப்புக்கு வெளியேயோ அதனைப் பூட்டுதல் கூடாது. குளத்துக்கட்டுப் பாதையிலும் வரம்பு மேடுகளிலும் ஓடும் வாகனம் அடியில் கல் தட்டக்கூடியது என்பதை மறத்தலாகாது.

6. இரண்டு தாங்கிகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்தும் முறையில், இயந்திரத்துக்கு டீசல் செல்லும் குழாயுடன், மிகுதி டீசல் திரும்பும் குழாயும் சேர்ந்தே மாற வேண்டும். செல்லும் குழாய் மட்டும் மாறினால், ஒரு தாங்கியிலிருந்து எடுத்த டீசல் மற்றைய தாங்கிக்குத் திரும்பி, அது நிரம்பி வெளியே வழியும்.

7. காற்றுத் துவாரமும், எரிபொருள் அளவுகாட்டியும் புதிய தாங்கிக்கு ஏற்றவையா எனப் பார்க்க. பழைய அளவுகாட்டி பெரிய தாங்கியின் அளவைத் திருத்தமாகக் காட்டாது.

8. கழுத்துவரை நிரப்பற்க. 140 லீற்றர் டீசல் 20 பாகை செல்சியஸ் சூடேறினால் 2 லீற்றருக்குச் சற்றுக் கூடுதலாக விரியும். நூற்றுக்கு 5 பங்கு இடத்தை வெறுமையாக விடுக.

உயிராபத்தான செயல்கள்

பழைய எரிபொருள் தாங்கியில் உருக்கி ஒட்டும் வேலையைச் சாதாரண திருத்தகத்திற் செய்வித்தல் மிகக் கொடிய ஆபத்தாகும். வெறுமையான தாங்கியே கூடுதலான ஆபத்து உடையது. அதிலுள்ள ஆவி தீப்பொறி பட்டவுடன் வெடிக்கும். அவ்வேலையை அதற்குரிய முறையும் கருவியும் உடையோரிடம் மட்டும் கொடுக்க வேண்டும்.

பெற்றோலும் டீசலும் ஒரே தன்மையன அல்ல. பெற்றோல் நமது நாட்டு வெப்பத்தில் எந்நேரமும் தீப்பற்றக்கூடிய ஆவியை விடும். 2022 இல் வீடுகளிற் சேமித்து வைத்த பெற்றோல் தீப்பற்றிய விபத்துக்கள் நேர்ந்தன. குழந்தைகள் உறங்கும் வீட்டிலும், விறகடுப்பு உள்ள குசினிக்கு அருகிலும் எரிபொருளை வைத்தல் ஆகாது. கலனில் நிரப்பும்போது அதனை வாகனத்தின் மேல் வைத்து நிரப்பாது, தரையில் இறக்கி வைத்து நிரப்புக. வாகனத் தட்டின் பிளாத்திக்கு விரிப்பின்மேல் உள்ள கலனில் நிலைமின் சேர்ந்து பொறி உண்டாகலாம்.

குழாயை வாயில் வைத்து உறிஞ்சி எரிபொருளை எடுக்கும் வழக்கம் அறவே ஒழிக்கப்படல் வேண்டும். ஒரு மிடறு டீசல் சுவாசப்பையுட் சென்றாலும் உயிருக்கே ஆபத்தாகலாம். அவ்வாறு நேர்ந்தால் வாந்தி எடுக்கச் செய்யாது, உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்க.

தாங்கிக்குச் செலவிடும் பணத்தை வேறு வழியிற் பயன்படுத்தல்

முதலிற் செய்யவேண்டியது வாகனத்தின் உண்மையான எரிபொருட் செலவை அளப்பதாகும். தாங்கியை நிரப்பி, தூரமானியின் எண்ணைக் கொப்பியில் எழுதுக. வழக்கம்போல் ஓடியபின், அதே நிலையத்தில், நிரப்பும் குழாய் தானாக நிற்கும்வரை மறுபடியும் நிரப்புக. ஓடிய தூரத்தை இரண்டாம் முறை நிரப்பிய லீற்றரால் வகுக்க. 410 கிலோமீற்றர் ஓடி 41 லீற்றர் பிடித்தால், லீற்றருக்கு 10 கிலோமீற்றர். மூன்று முறை அளந்து சராசரியைக் கொள்க. மாதந்தோறும் அளந்துவரின், இயந்திரம் நோயுறும்போது கொப்பியே முதலில் அறிவிக்கும்.

அடுத்து, டயர்களின் காற்றைப் பாரத்துக்கேற்ப வாரம் ஒரு முறை சரிபார்க்க. காற்று வடிகட்டியைச் செம்மண் புழுதி அடைக்கவிடாது காலத்துக்குக் காலம் மாற்றுக. பிறேக் இறுகிப் பிடிக்கின்றதா எனச் சில்லைத் தூக்கிச் சுழற்றிப் பார்க்க. வெறும் தெருவிலும் வேகத்தை அளவோடு வைத்திருக்க. இவற்றால் நூற்றுக்கு 5 பங்கு டீசல் குறையுமாயின், மேலே கூறிய கமக்காரருக்கு ஆண்டில் 200 லீற்றர், அதாவது 60,000 ரூபா மிச்சமாகும். பெரிய தாங்கி தரும் 3,600 ரூபாவுடன் இதனை ஒப்பிட்டு நோக்குக.

முடிவாக நினைவிற் கொள்ள வேண்டியவை

பெரிய தாங்கி எரிபொருளைத் தருவதன்று; அதனைச் சுமப்பது மட்டுமே அதன் வேலை. வாங்க எண்ணும் கமக்காரர் மூன்று வினாக்களுக்கு விடை எழுதிப் பார்ப்பாராக. சென்ற ஆண்டில் எரிபொருள் தீர்ந்து வழியில் நின்றது எத்தனை முறை? அவற்றுள் பாதித் தாங்கி வைத்திருந்தால் தப்பியிருக்கக்கூடியவை எத்தனை? 75 கிலோகிராம் சரக்குக்குரிய கூலியை ஒவ்வொரு பயணத்திலும் இழக்க முடியுமா? இவற்றுக்கு விடை எழுதியபின்னும் தாங்கி வேண்டும் என்று தோன்றினால் வாங்கலாம். தோன்றாவிடின், அப்பணம் நல்ல விதைக்கோ, கிணற்றைத் திருத்துவதற்கோ, பிள்ளைகளின் படிப்புக்கோ பயன்படட்டும்.

இத்துண்டுப் பிரசுரத்திற் காட்டிய முறையில் கணக்குச் செய்வதில் ஐயம் உண்டாயின், கொப்பியுடன் தமது பகுதி விவசாயப் போதனாசிரியரை அணுகி விளக்கம் பெறுக.